கனடா பேஸ்மென்ட்களின் லோ-ஃபை இசை: புதிதாகக் கேட்பவர்களுக்கு

யூடியூபில் ‘லோ-ஃபை’ (லோ ஃபிடெலிட்டி, அதாவது ஒலித் துல்லியம் குறைந்த பதிவு) என்று தேடினால் பெரும்பாலும் இரண்டு வகைச் சரக்குதான் வரும். ஒன்று, படிக்கும்போது பின்னணியில் ஓடவிட ஏற்ற மெதுவான தாளங்கள். இன்னொன்று, நமக்கு மனப்பாடமான சினிமாப் பாட்டின் வேகத்தைக் குறைத்து, எதிரொலி கூட்டி, மேலே கொஞ்சம் மழைச் சத்தத்தையும் தூவியது. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல. அவை கணினியில் சுத்தமாகச் செய்து, பிறகு வேண்டுமென்றே கறைபடுத்திய பாட்டுகள். இங்கே பார்க்கப்போவது பிறக்கும்போதே கறையோடு பிறந்தவை. கனடாவில் யாரோ ஒருவர் வீட்டுப் பேஸ்மென்ட்டிலோ (தரைக்குக் கீழே உள்ள தளம்) படுக்கையறையிலோ, கையில் இருந்த மலிவான கருவியில் பதிவுசெய்து, கொஞ்சம் கேசட்டுகளாகத் தானே வெளியிட்டு, பெரும்பாலும் யாரும் கவனிக்காமல் போன பாட்டுகள்.

என்னுடைய ஒரே யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடியவரின் பெயரை வைத்துத் தேடுவதைவிட, பாட்டு பதிவான அறையை வைத்துத் தேடுங்கள். எந்த ஊர், யாருடைய பேஸ்மென்ட், பதிவுக் கருவியை இயக்கியவர் யார் என்று பிடித்துவிட்டால் ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குத் தானே வழிகாட்டும். அது ஏன் என்று புரிய வேண்டுமானால், அந்த அறையில் இருந்த இயந்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1970-களில் பெரிய ஸ்டூடியோக்களில் இருந்த டேப் இயந்திரங்களில் நாடாவின் அகலம் 2 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். அதில் 24 தடங்கள். டிரம்ஸ் ஒரு தடம், கிடார் ஒரு தடம், குரல் ஒரு தடம் என்று தனித்தனியே பதிந்து, பிறகு நிதானமாகக் கலக்கலாம். நாடா நொடிக்கு 38 அல்லது 76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். இப்போது நம் வீட்டு அலமாரியில் கிடந்த கேசட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர்கூட இல்லை. நாடாவில் பூசியிருக்கும் காந்தத் துகள்களுக்கென்று ஒரு சொந்த இரைச்சல் உண்டு. தடம் ஒடுங்கினாலும் வேகம் குறைந்தாலும் பாட்டை மீறி அந்த இரைச்சல் மேலே வந்துவிடும். பழைய கேசட்டில் பாட்டு தொடங்கும் முன் கேட்கும் அந்த ‘ஸ்ஸ்ஸ்’ அதுதான்.

1979-ல் ஜப்பானின் டியாக் நிறுவனம், டாஸ்காம் என்ற தன் பிராண்டில் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு தடம், பி பக்கத்துக்கு இரண்டு தடம் இருக்கும். இந்தக் கருவி நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொண்டு, நாடாவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியது. கடையில் வாங்கும் கேசட்டிலேயே, மேசை மேல் வைத்து, ஒரே ஆள் நான்கு தடங்களில் பதியலாம் என்று ஆனது. விலை பலருக்கு அப்போதும் எட்டாததுதான். ஆனாலும் ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பதோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகும். அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் மலிவான மாடல்கள் வந்தன, பழையவை இரண்டாம் கைக்கு வந்தன.

நான்கு தடம் போதவில்லை என்றால் ஒரு தந்திரம் உண்டு. முதல் மூன்றில் டிரம்ஸ், பேஸ், கிடார் பதிந்துவிட்டு, மூன்றையும் கலந்து நான்காவதில் ஏற்றிவிட வேண்டும். பிறகு முதல் மூன்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதியலாம். இதை ‘பவுன்ஸ்’ செய்வது என்பார்கள். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவதுபோல ஒவ்வொரு பவுன்ஸிலும் கூர்மை போகும், இரைச்சல் ஏறும். கலந்த பிறகு பிரிக்கவும் முடியாது. கிடார் சத்தம் அதிகமாகிவிட்டதா? சரி, இனி அந்தப் பாட்டு அப்படித்தான். லோ-ஃபை பாட்டுகளில் குரல் எங்கேயோ உள்ளே புதைந்து கிடப்பதற்கும், டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் மங்கிக் கேட்பதற்கும் பல நேரம் காரணம் இந்தத் திரும்ப முடியாத முடிவுகள்தான். மோட்டார் சீராகச் சுழலாவிட்டால் சுருதி லேசாக ஆடும். ஒலி அளவைக் கூடுதலாக ஏற்றினால் நாடா அதை நசுக்கித்தான் வாங்கிக்கொள்ளும். எல்லாம் குறைகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குறைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பாட்டு அமைப்பவர்கள் உருவானபோது கதை மாறிவிட்டது. எந்தச் சத்தத்தை எப்படிப் புதைத்தால் நன்றாயிருக்கும் என்பது ஒரு கலையாகவே ஆனது.

சரி, கனடாவில் ஏன் பேஸ்மென்ட்? குளிர்தான். மண்ணில் உள்ள நீர் உறைந்தால் விரியும். விரிந்தால் மேலே இருக்கும் சுவரைத் தூக்கிவிடும். அதனால் வீட்டின் அஸ்திவாரம் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். தெற்கு ஒன்டாரியோவிலேயே அது ஏறக்குறைய 1.2 மீட்டர்; மேற்கே சமவெளி மாகாணங்களில் இன்னும் ஆழம். இவ்வளவு தோண்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைக்கும் என்பது எளிய கணக்கு. அங்கே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை வைப்பார்கள், துணி துவைக்கும் இயந்திரத்தை வைப்பார்கள், மிச்ச இடத்தைப் பிள்ளைகளுக்கு விடுவார்கள். டொராண்டோவில், குறிப்பாக ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள் பலருக்கு பேஸ்மென்ட் என்றால் வேறு நினைவு வரும். அவர்களுக்கு அது கனடாவில் கிடைத்த முதல் வாடகை வீடு. அங்கேயே பிறந்த இளைஞர்களுக்கோ அது பேண்ட் பயிற்சி செய்யும் இடம். மண்ணுக்குள் இருப்பதால் அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம் அதிகம் போகாது. குளிர்காலம் நீளம். சின்ன ஊர்களில் மாலையில் போக வேறு இடமும் இல்லை.

அந்த அறைக்கென்று ஒரு ஒலியும் உண்டு. தாழ்ந்த கூரை, கான்கிரீட் சுவர், மூலையில் திரளும் அடித்தொனி. மேலே வீட்டார் தூங்குகிறார்கள் என்றால் குரலை அடக்கி, மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துப் பாட வேண்டியிருக்கும். பல பதிவுகளில் அந்த நெருக்கம் கேட்கும்.

இப்போது அறைகளுக்கு வருவோம். முதலில் ஒன்டாரியோவில், ஹாமில்டன் நகரத்தை ஒட்டிய ஆன்காஸ்டர். அங்கே பாப் லன்வா, டேனியல் லன்வா என்ற சகோதரர்கள் தங்கள் அம்மா வீட்டின் பேஸ்மென்ட்டில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். 1974-ல் சிம்ப்ளி சாஸர் என்ற ஹாமில்டன் குழு அங்கே சில பாட்டுகளைப் பதிந்தது. விண்வெளிச் சத்தம் எழுப்பும் மின்கருவிகளும் முரட்டுக் கிடாரும் கலந்த, அந்தக் காலத்துக்கு ஒட்டவே ஒட்டாத இசை. எந்த கம்பெனியும் வாங்கவில்லை. 1978-ல் ஒரே ஒரு சிங்கிள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிறு தட்டு) வந்தது, அப்புறம் குழு கலைந்தது. அந்த பேஸ்மென்ட் பதிவுகளோடு 1975-ல் மேடையில் வாசித்தவற்றையும் சேர்த்து ‘சைபார்க்ஸ் ரீவிசிட்டட்’ என்ற தட்டு 1989-ல்தான் வெளியானது. பாதாளத்தில் 15 வருடம் கிடந்த இசை. இன்று கனடிய ராக் வரலாறு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு எழுதுவதில்லை. கருவியை இயக்கிய டேனியல் லன்வா, பிறகு அயர்லாந்தின் யு2 ராக் குழுவின் ‘தி ஜோஷுவா ட்ரீ’ தட்டைத் தயாரித்தவர்களில் ஒருவர். அறையைப் பின்தொடரச் சொன்னேனே, இதற்காகத்தான். ஒரு முனையில் யாருக்கும் தெரியாத குழு, மறுமுனையில் உலகமே கேட்ட தட்டு. நடுவில் ஓர் அம்மாவின் வீடு.

அடுத்தது கிழக்குக் கரையில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மாங்க்டன் என்ற ஊர். 1990-ல் தொடங்கிய எரிக்ஸ் ட்ரிப் என்ற குழுவில் ரிக் வைட் வீட்டிலேயே நான்கு தட கேசட் கருவியில் பதிவுசெய்வார். ஜூலி டொய்ரன் பேஸ் வாசித்துப் பாடுவார். தாங்களே கேசட் போட்டு விற்றுக்கொண்டிருந்தவர்களை சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் உலகப் புகழ் பெற்ற நிர்வாணா ராக் குழுவின் முதல் தட்டை வெளியிட்ட அதே நிறுவனம். கம்பெனி கிடைத்ததும் பெரிய ஸ்டூடியோவுக்குப் போயிருக்கலாம். இவர்கள் போகவில்லை. 1993-ல் வந்த ‘லவ் டாரா’ வீட்டுப் பதிவுதான். முணுமுணுப்பாக ஒரு பாட்டு, உடனே காதைக் கிழிக்கும் ஒன்று, மறுபடி முணுமுணுப்பு. பாட்டுகள் சின்னச் சின்னவை. சில, தொடங்கியதும் முடிந்துவிடும். லோ-ஃபை இசைக்கு ஒரே ஒரு தட்டைச் சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இங்கே நாடா இரைச்சல் பாட்டின் மேல் விழுந்த தூசியாகத் தெரியாது. பாட்டின் இன்னொரு வாத்தியமாகவே கேட்கும். 1996-ல் குழு பிரிந்தது. ஜூலி டொய்ரன் தனியாகத் தொடர்ந்து பாடுகிறார், அவருடைய தொடக்ககாலத் தனிப் பதிவுகளையும் கேட்டுப் பாருங்கள்.

மேற்கே கால்கரியில் சாட் வான்காலன். பாடகர், அனிமேஷன் வரைபவர், கைக்குக் கிடைத்ததை வைத்து வாத்தியம் செய்பவர். வருடக்கணக்கில் வீட்டிலேயே பதிந்து குவித்தவற்றிலிருந்து பொறுக்கிய ‘இன்ஃபினிஹார்ட்’ 2004-ல் வந்தது. அவருடைய பேஸ்மென்ட்டுக்குத்தான் விமன் என்ற கால்கரி குழு தன் முதல் தட்டைப் பதியப் போனது. பழைய டேப் இயந்திரங்களிலும் சாதாரண பூம்பாக்ஸிலும் (கைப்பிடி வைத்த கேசட் ரேடியோ) பதிந்து 2008-ல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த பேட்ரிக் ஃபிளெகல் பிறகு சிண்டி லீ என்ற பெயரில் தொடர்ந்தார். 2024-ல் வந்த ‘டயமண்ட் ஜூபிலி’ 32 பாட்டு, இரண்டு மணிநேரத்துக்கு மேல். ஸ்பாட்டிஃபை போன்ற எதிலும் போடாமல், யூடியூபில் ஒரே நீள வீடியோவாகவும், தொண்ணூறுகளின் தோற்றத்தில் இருந்த ஓர் இணையப் பக்கத்திலும் மட்டும் முதலில் வெளியிட்டார். அப்படியும் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசின் அந்த வருட இறுதிப் பட்டியலுக்குப் போனது. விமன் தட்டைப் பதிந்தவர் யார் என்று பார்க்கிறவர் வான்காலனிடம் போவார். குழுவில் யார் இருந்தார்கள் என்று பார்க்கிறவர் சிண்டி லீயிடம் வந்து சேர்வார். ஒரு அறையிலிருந்து இரண்டு கதவு.

எல்லாமே கிடார் இசை என்று நினைத்துவிட வேண்டாம். டொராண்டோவுக்கு வடக்கே ஹன்ட்ஸ்வில் என்ற சின்ன ஊரில் வாழ்ந்த பெவர்லி கிளென்-கோப்லண்ட் 1986-ல் ஒரு யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டையும் ஒரு ரோலண்ட் தாளக் கருவியையும் வைத்து ‘கீபோர்ட் ஃபேன்டசீஸ்’ என்ற கேசட்டை உருவாக்கினார். 200 பிரதிகள். கொஞ்சம்தான் விற்றன. இதில் இரைச்சல் அதிகம் கிடையாது, கறாராகப் பார்த்தால் லோ-ஃபை என்றுகூடச் சொல்ல முடியாது; தனியாளாகச் செய்து தானே வெளியிட்ட இசை என்பதால் இந்த வரிசையில் சேர்க்கிறேன். 2015-ல் ஜப்பானிலிருந்து ரியோட்டா மசுகோ என்ற இசைத்தட்டுக் கடைக்காரர் மிச்சப் பிரதிகள் இருக்கின்றனவா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அதன் பிறகு மறுவெளியீடு, ஆவணப்படம், இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டு மேடைகள். அப்போது அவருக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது.

இந்த மாதிரி இசை முழுக்க மறைந்துபோகாமல் இருந்ததற்குப் பெரிய காரணம் வானொலி. கனடிய வானொலிகள் குறிப்பிட்ட பங்கு உள்நாட்டு இசையை ஒலிபரப்பியே ஆக வேண்டும் என்ற விதி 1971-ல் வந்தது. தொடக்கத்தில் ஏஎம் நிலையங்களுக்கு 30 சதவீதம். வணிக வானொலிகள் பெரிய பெயர்களை வைத்தே அந்தக் கணக்கை நேர்செய்துவிடும். பல்கலைக்கழக வானொலிகள்தான் உள்ளூர் கேசட்டுகளைத் தேடி எடுத்து ஒலிக்கவிட்டன. வான்கூவரில் சிஐடிஆர், கால்கரியில் சிஜேஎஸ்டபிள்யூ, எட்மண்டனில் சிஜேஎஸ்ஆர், மாண்ட்ரியலில் சிகேயூடி, ஹாலிஃபாக்ஸில் சிகேடியூ. இவை எல்லாவற்றையும் இன்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து இணையத்தில் கேட்கலாம். அரசு வானொலியான சிபிசியும் 1984 முதல் 2007 வரை ‘பிரேவ் நியூ வேவ்ஸ்’ என்ற இரவு நிகழ்ச்சியை மாண்ட்ரியலிலிருந்து நடத்தியது. நாடெங்கும் ஒலித்ததால், பல்கலைக்கழகம் இல்லாத ஊரில் விழித்திருந்தவர்களுக்கும் இந்த இசை போய்ச் சேர்ந்தது.

நீங்களே தேட வேண்டும் என்றால் டிஸ்காக்ஸ் தளத்தில் தொடங்குங்கள். உலகெங்கும் வெளியான தட்டுகள், கேசட்டுகள் பற்றிய விவரங்களைப் பயனர்களே சேர்த்துவைத்திருக்கும் பட்டியல் அது. நாடு கனடா, வடிவம் கேசட், பாணி லோ-ஃபை என்று வடிகட்டலாம். ஒரு தட்டு பிடித்ததும் அதன் பக்கத்தில் ‘பதிவு செய்தவர்’ என்று இருக்கும் பெயரை அழுத்துங்கள். அந்த ஆள் வேறு யாருக்கெல்லாம் பதிந்து கொடுத்தார் என்று வரிசையாக வரும். பேண்ட்கேம்ப் தளத்தில் ஊர்ப் பெயரை வைத்துத் தேடலாம். டொராண்டோ, மாண்ட்ரியல் என்று போட்டால் கடல்மாதிரி கொட்டும், கரை காணாது. மாங்க்டன், சாக்வில், லெத்பிரிட்ஜ் என்று சின்ன ஊர்களைப் போட்டுப் பாருங்கள். செயலிகளின் தானியங்கிப் பரிந்துரையை இந்த விஷயத்தில் நான் நம்புவதில்லை. பலபேர் கேட்டதை வைத்துத்தான் அது அடுத்ததைச் சொல்லும். யாருமே கேட்காததை அது எங்கிருந்து எடுத்துத் தரும்?

கனடாவில் வாழும் தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: பழைய பொருள் கடைகளும் கராஜ் சேல்களும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாங்லி பகுதிப் பள்ளிகளில் ஹான்ஸ் ஃபெங்கர் என்ற இசை ஆசிரியர், 1976-லும் 1977-லும் பிள்ளைகளைப் பள்ளி ஜிம்மில் உட்காரவைத்து அன்றைய பாப் பாட்டுகளைப் பாடவைத்துப் பதிவுசெய்தார். மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாகத் தட்டுகள் அச்சாயின. அவற்றில் ஒன்று 2000-ல் விக்டோரியா நகரத்தின் பழைய பொருள் கடையில் ஒரு சேகரிப்பாளர் கையில் கிடைத்தது; அடுத்த வருடமே உலகெங்கும் மறுவெளியீடு. ஜிம்மின் எதிரொலிதான் அந்தப் பதிவின் உயிர். அதை எந்த ஸ்டூடியோவிலும் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

முதல்முறை கேட்கும்போது இரண்டு விஷயம். ஹெட்போன் நல்லது, ஆனால் ஒலியைக் குறைத்தே தொடங்குங்கள். ‘லவ் டாரா’ மாதிரித் தட்டுகளில் முணுமுணுப்புக்கு ஏற்றபடி கூட்டிவைத்தால் அடுத்த பாட்டு காதைப் பதம் பார்த்துவிடும். அப்புறம், முதல் சுற்றில் வரிகள் புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். குரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பாட்டு நின்றபின் என்ன சத்தம் மிச்சமிருக்கிறது என்று கவனியுங்கள். பிடிக்காமலும் போகலாம். இந்த வகையில் சலிப்பூட்டும் தட்டுகளுக்கும் பஞ்சமில்லை. யாருக்கும் தெரியாதது என்பதாலேயே ஒன்று நல்ல இசை ஆகிவிடாது.

தேடிக் கண்டுபிடித்தால் இன்னொரு கேள்வி வரும்: பாடியவருக்கு இதில் விருப்பமா? 1983-ல் லூயிஸ் என்ற பெயரில் வெளியான ‘லமூர்’ தட்டு 2007-ல் எட்மண்டன் சந்தை ஒன்றில் ஒரு சேகரிப்பாளரிடம் சிக்கியது. லாஸ் ஏஞ்சலிஸில் பதிவான தட்டுதான்; ஆனால் பாடிய ராண்டல் வுல்ஃப் கனடாக்காரர். எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. சியாட்டிலின் லைட் இன் தி ஆட்டிக் நிறுவனம் அவருக்குச் சேர வேண்டிய தொகையைத் தனியே எடுத்துவைத்து, 2014-ல் மறுவெளியீடு செய்தது. அதே வருடம் அவரைக் கனடாவிலேயே கண்டுபிடித்துக் காசோலையை நீட்டியபோது அவர் மரியாதையாக மறுத்துவிட்டார். பழையதில் ஆர்வமில்லை என்றார். அச்சிட்ட பிரதிகள் தீர்ந்தபின் இனி அச்சிடுவதில்லை என்று நிறுவனம் முடிவுசெய்தது. கிளென்-கோப்லண்டுக்கோ அதே மாதிரியான கண்டுபிடிப்பு இரண்டாவது வாழ்க்கையையே கொடுத்தது. யாருக்கு எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால் மறுவெளியீடு காணாத கேசட் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், யூடியூபில் ஏற்றும் முன் உறையில் உள்ள பெயரை வைத்து ஆளைத் தேடி ஒரு வார்த்தை கேளுங்கள். இவர்களில் பலர் இன்னும் அதே ஊரில்தான் இருப்பார்கள். சிலரிடம் விற்காத பிரதிகளும் பெட்டியோடு இருக்கும்.